ஆஸ்தாலின் பம்ப்: மருந்துக்கு முழு மார்க், ஆனால் தனியாக வாங்காதீர்கள்

வீசிங் உள்ள வீடுகளில் ஆஸ்தாலின் இன்ஹேலரை யாரும் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. பீரோ மேலே, ஹேண்ட்பேக்கில், தலையணைக்கு அடியில் என்று எங்காவது ஒன்று கிடக்கும். சிப்லா கம்பெனியின் தயாரிப்பு. உள்ளே இருப்பது சால்பியூட்டமால், ஒரு பஃப்புக்கு, அதாவது ஒருமுறை அழுத்தினால், 100 மைக்ரோகிராம், ஒரு டப்பாவில் 200 பஃப். விலை 200 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது, அதாவது ஒரு பஃப்புக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. இந்தக் காசுக்கு இவ்வளவு சீக்கிரம் மூச்சைத் திருப்பித் தருகிற வேறொரு பொருள் எனக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்து வீசிங்கோடு இருக்கிற ஆள் நான், எங்கள் வீட்டில் எனக்கு மட்டுமல்ல, வேறு ஆட்களுக்கும் இது உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மருந்து அருமை, கண்ணை மூடிக்கொண்டு முழு மார்க் போடலாம். ஆனால் பம்பை மட்டும் தனியாக வாங்கி வராதீர்கள். கூடவே பம்பில் மாட்டுகிற பிளாஸ்டிக் கூடான ஸ்பேசர் ஒன்றும் வாங்குங்கள், அப்புறம் வருடத்துக்கு எத்தனை டப்பா காலியாகிறது என்று எண்ணுங்கள். மீதி எல்லாம் இந்த இரண்டுக்கான விளக்கம்தான்.

முதலில் மருந்தைப் பற்றி. வீசிங் வரும்போது நுரையீரலுக்குள் போகிற சின்னச் சின்னக் குழாய்களைச் சுற்றியிருக்கும் தசை இறுகிக்கொள்கிறது. காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் கஷ்டம், அதனால்தான் மூச்சை விடும்போது விசில் மாதிரி சத்தம் கேட்கிறது. சால்பியூட்டமால் அந்தத் தசையைத் தளர்த்திவிடுகிறது. ஐந்து நிமிடத்துக்குள் வித்தியாசம் தெரியும், நாலு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, முட்டியில் கையை ஊன்றி, தோள்பட்டை ரெண்டும் மேலே ஏறி இறங்க மூச்சு வாங்கிய ஒருவருக்கு அந்த ஐந்து நிமிடம் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். நெஞ்சுக்குள் போட்டிருந்த கட்டு ஒவ்வொன்றாக அவிழ்வது அப்படியே தெரியும், பேச்சு வாக்கியமாக வர ஆரம்பிக்கும்.

இத்தனை நல்ல பொருளுக்கு நம் ஊரில் கெட்ட பெயர் ஏராளம். "பம்ப் அடிச்சா பழகிடும்", "அது கடைசி ஸ்டேஜ்ல குடுக்கிறது", "பொண்ணு பம்ப் வச்சிருக்கான்னு தெரிஞ்சா யார் கட்டிக்குவா", "பவர் ஜாஸ்தி, முதல்ல மாத்திரை குடுத்துப் பாப்போம்". கடைசியாகச் சொன்ன பேச்சுக்கு மட்டும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், மற்றதெல்லாம் அதிலேயே அடிபட்டுப் போகும். சால்பியூட்டமால் மாத்திரை 4 மில்லிகிராமில் வருகிறது. ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். ஆக ஒரே ஒரு மாத்திரையில் இருப்பது நாற்பது பஃப் மருந்து! அந்த நாற்பதும் வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றி, கையை நடுங்க வைத்து, நெஞ்சைப் படபடக்க வைத்து, கடைசியில் கொஞ்சம்போல நுரையீரலுக்கும் போய்ச் சேரும். பம்ப் நேராக வேண்டிய இடத்துக்கே அனுப்புகிறது, அதனால்தான் துளி மருந்து போதுகிறது. பவர் அதிகம் என்று பயந்து பம்பை ஒதுக்கிவிட்டு மாத்திரையும் சிரப்புமாகக் கொடுக்கிற அம்மா அப்பாக்கள் இந்தக் கணக்கை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

மூச்சு வழியாக மருந்தை இழுப்பது புது விஷயமும் இல்லை. ஊமத்தை இலையைக் காயவைத்து அந்தப் புகையை இழுப்பது நம் நாட்டில் பழைய வைத்தியம். 1800-களின் தொடக்கத்தில் இங்கே மெட்ராஸில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அதை ஆஸ்துமாக்காரர்களுக்குக் கொடுத்தார், அவரிடமிருந்து தெரிந்துகொண்ட ஜென்ட் என்ற ராணுவ ஜெனரல் 1802-ல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். ஊமத்தையில் இருக்கிற அட்ரோபின் குழாயை விரிக்கும், அதே சமயம் அளவு மீறினால் ஆளைப் பித்துப்பிடித்த மாதிரி ஆக்கும், உயிரையும் எடுக்கும், ஆகவே யாரும் தோட்டத்துச் செடியைப் பறித்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம். இன்றைக்குப் பம்பிலும், மருந்துத் திரவத்தைப் புகை மாதிரி ஆக்கித் தருகிற நெபுலைசரிலும் வருகிற இப்ராட்ரோபியம் என்ற மருந்து அந்த அட்ரோபினிலிருந்து மாற்றி உருவாக்கியதுதான்.

கையடக்கமான பம்ப் வந்தது அமெரிக்காவில், 1956-ல். ரைக்கர் லேபரட்டரீஸ் கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் மேசனின் மகளுக்கு ஆஸ்துமா. அந்தக் காலத்தில் கண்ணாடி நெபுலைசர், ரப்பர் பந்து, அழுத்தி அழுத்தி அடிக்க வேண்டும். தலைக்கு அடிக்கிற ஸ்ப்ரே மாதிரி என் மருந்தும் ஏன் ஒரு டப்பாவில் வரக்கூடாது என்று அந்தப் பெண் அப்பாவிடம் கேட்டாள். பதிமூன்று வயது. நோயோடு வாழ்கிற ஆள் கேட்கிற கேள்விக்கு இருக்கிற மதிப்பே தனி. ஆனால் அப்போது பம்புக்குள் இருந்தவை ஐசோப்ரெனலின் மாதிரியான மருந்துகள், அவை நுரையீரலோடு நிற்காமல் இதயத்தையும் சேர்த்து முடுக்கிவிடும். 1960-களில் பிரிட்டனில் ஆஸ்துமாச் சாவுகள் திடீரென்று ஏறியபோது கடும் வீரியமுள்ள ஐசோப்ரெனலின் பம்புகள் மேல்தான் சந்தேகம் விழுந்தது. இதயத்தை அவ்வளவாகத் தொடாமல் நுரையீரல் தசையை மட்டும் குறிவைக்கிற மருந்து வேண்டும் என்று டேவிட் ஜாக்கும் அவர் குழுவினரும் இங்கிலாந்தின் வேர் நகரத்தில் உழைத்து உருவாக்கியதுதான் சால்பியூட்டமால், 1969-ல் வென்டோலின் என்று விற்பனைக்கு வந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்னமும் இருக்கிறது.

சரி, பயன்படுத்துகிற விதத்துக்கு வருவோம். இங்கேதான் பாதிப் பேருக்குக் காசும் மருந்தும் வீணாகப் போகிறது.

எங்கள் பெரியம்மா திருநெல்வேலிப் பக்கம். பல வருடமாகச் சுருக்குப் பையில் வெற்றிலையோடு பம்பையும் வைத்திருக்கிறவர். "இது ஒண்ணும் கேக்க மாட்டேங்குப்பா, ஊசி போட்டாத்தான் நிக்கி" என்று எப்போது பார்த்தாலும் புகார். "ஒருதடவ என் எதிர்ல அடிங்க பெரியம்மா, பாப்போம்" என்றேன். மூடியைக் கழற்றினார், குலுக்கவில்லை, வாயை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு டக் டக் என்று மூன்று முறை அழுத்தினார். வெள்ளைப் புகை அத்தனையும் நாக்கில் பட்டுத் திரும்பி வாய் வழியாகவே வெளியே வந்தது. அவர் மூச்சை இழுக்கவே இல்லை. அழுத்தினால் மருந்து தானாக உள்ளே போய்விடும் என்று நினைத்திருக்கிறார், யாரும் சொல்லித் தரவும் இல்லை. எழுதிக் கொடுத்த டாக்டரும் சரி, எடுத்துக் கொடுத்த கடைக்காரரும் சரி, ஒருவர்கூட "அடித்துக் காட்டுங்கள்" என்று கேட்டதில்லையாம். அவர் மேல் என்ன தப்பு?

பம்ப் அடிக்கிற முறை இதுதான். மூடியைக் கழற்றி உள்ளே ஒருமுறை எட்டிப் பாருங்கள், பையில் கிடந்த பம்புக்குள் சில்லறைக் காசு, மாத்திரை அட்டைத் துண்டு என்று எதுவும் புகுந்திருக்கலாம், அது மருந்தோடு சேர்ந்து தொண்டைக்குள் போனால் வேறு வினை. நன்றாகக் குலுக்குங்கள். புது டப்பா என்றாலோ பல நாள் சும்மா கிடந்தது என்றாலோ முதலில் காற்றில் ரெண்டு பஃப் அடித்து விட்டுவிடுங்கள். மூச்சை மெதுவாக முழுக்க வெளியே விடுங்கள், பம்புக்குள் ஊதாமல். உதட்டால் இறுக்கிப் பிடித்து, மூச்சை மெதுவாக இழுக்க ஆரம்பிக்கும்போதே ஒருமுறை அழுத்துங்கள், அழுத்திய பிறகும் இழுத்துக்கொண்டே இருங்கள். முடிந்தவரை, பத்து எண்ணும் வரை, மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த பஃப் அரை நிமிடம் ஒரு நிமிடம் கழித்து, மறுபடியும் குலுக்கிவிட்டு. மெதுவாக என்பதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், வேகமாக இழுத்தால் மருந்து தொண்டைச் சுவரில் போய் மோதி அங்கேயே நின்றுவிடும்.

இதை எல்லாம் சரியாகச் செய்தாலும் வெறும் பம்பில் அடிக்கிற மருந்தில் பத்திலிருந்து இருபது சதவீதம்தான் நுரையீரலுக்குப் போகிறது, மீதி தொண்டையில் ஒட்டி வயிற்றுக்குப் போகிறது. மூச்சு வாங்கிக்கொண்டு, கை நடுங்கிக்கொண்டு, பயத்தில் இருக்கிற ஆள் அழுத்துவதையும் இழுப்பதையும் ஒரே நொடியில் சேர்த்துச் செய்ய முடியுமா? குழந்தையால் முடியுமா? சில்லென்று தொண்டையில் அடித்ததுமே மூச்சை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. அதற்குத்தான் ஸ்பேசர்.

ஸ்பேசர் என்பது ஒரு பிளாஸ்டிக் கூடு, அவ்வளவுதான். ஒரு முனையில் பம்பைச் செருகுகிறோம், மறுமுனையில் வாய். அடித்த மருந்து அந்தக் கூட்டுக்குள் வேகம் குறைந்து மிதந்துகொண்டு நிற்கும், நாம் நம் வேகத்துக்கு இழுத்துக்கொள்ளலாம். பெரிய துளிகள் கூட்டின் சுவரிலேயே ஒட்டிக்கொள்வதால் தொண்டைக்குப் போகிற வீண் மருந்தும் குறைகிறது. சிறு குழந்தைகளுக்கு மாஸ்க் வைத்தது கிடைக்கும், மூக்கையும் வாயையும் சேர்த்து இடைவெளி இல்லாமல் பொருத்த வேண்டும். சிப்லாவின் ஜீரோஸ்டாட் ஸ்பேசர்தான் எங்கள் வீட்டில், சில நூறு ரூபாய், நிலைமின்சாரம் பிடிக்காத பிளாஸ்டிக், வால்வு வேறு இருக்கிறது. வேறு கம்பெனி வாங்கினாலும் உங்கள் பம்பின் வாய் அதில் இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று கடையிலேயே செருகிப் பார்த்துவிடுங்கள்.

ரெண்டு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பஃப்தான் கூட்டுக்குள் அடிக்க வேண்டும், அடித்த கையோடு இழுத்துவிட வேண்டும். நாலைந்து பஃப்பை மொத்தமாக அடித்து நிரப்பி இழுத்தால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து சுவரில் ஒட்டிவிடும், கிடைப்பது குறைவுதான். ரெண்டாவது, கழுவுகிற விதம். சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து அப்படியே நிழலில் காயவிட வேண்டும். பளபளவென்று துண்டால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, அடுத்த முறை அடிக்கிற மருந்தை அது இழுத்துக்கொள்ளும். பம்பையும் கழுவ வேண்டும், வாரம் ஒருமுறை அந்த உலோக டப்பாவை வெளியே எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் உறையை மட்டும் வெந்நீரில் கழுவி நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சின்ன ஓட்டையில் மருந்து படிந்து அடைத்துக்கொண்டு ஸ்ப்ரே சரியாக வராது.

பெரியம்மாவுக்கு ஸ்பேசரோடு பழக்கினோம். "இதென்னப்பா ஊதுகுழல் மாதிரி" என்று முதலில் கூச்சப்பட்டார், இப்போது அது இல்லாமல் அடிப்பதே இல்லை. அதே மருந்துதான், அதே டப்பாதான். ஊசிக்கு ஓடுவது நின்றுவிட்டது.

இதோடு ஒப்பிட்டு, பொடி மருந்தை இழுக்கிற ரோட்டாஹேலர் கருவியையும் சொல்லிவிடுகிறேன், நம் ஊரில் நிறையப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். அதில் போடுகிற சால்பியூட்டமால் கேப்ஸ்யூல், ரோட்டாகேப்ஸ், ஒன்றுக்கு 200 மைக்ரோகிராம். கேப்ஸ்யூலைச் சதுர ஓட்டையில் செருகி, அடிப்பாகத்தைத் திருகினால் ரெண்டாகப் பிரிந்து பொடி உள்ளே கொட்டும், இழுக்க வேண்டும். லாக்டோஸ் கலந்திருப்பதால் நாக்கில் லேசாகத் தித்திக்கும். கருவி கண்ணாடி மாதிரி தெரிவதால் பொடி மீதி இருக்கிறதா என்று பார்த்து இன்னொரு தடவை இழுத்துக்கொள்ளலாம், கை வாய் ஒத்துழைப்பு பற்றிய கவலையும் இல்லை, ஒவ்வொன்றாக எண்ணிச் செலவழிப்பதால் தீர்ந்துபோனது தெரியாமலும் இருக்காது. ஆனால் இதில் பம்புக்கு நேர்மாறாக வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். பொடியைக் கிளப்புவது நம் மூச்சுதான். நடுராத்திரியில் நெஞ்சு இறுகிக் கிடக்கும்போது அந்த பலம் வராது. சென்னை மாதிரிக் கடலோர ஈரக்காற்றில் பொடி கட்டிபிடிக்கிற தொல்லையும் உண்டு, பாட்டிலை இறுக மூடிவைக்க வேண்டும். அப்புறம் ஒரு விஷயம், கேப்ஸ்யூல் என்றதும் தண்ணீரோடு விழுங்கிவிடுகிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள், வீட்டில் வயதானவர்களுக்கு வாங்கிக் கொடுக்கும்போது இதைச் சொல்லியே கொடுங்கள். தினசரிக்கு ரோட்டாஹேலர் வைத்துக்கொண்டாலும் அவசரத்துக்கு பம்பும் ஸ்பேசரும்தான் என் ஓட்டு.

லெவோலின் என்று இன்னொன்று வருகிறது. சால்பியூட்டமாலில் வேலை செய்கிற பாதியை மட்டும் பிரித்தெடுத்த லெவோசால்பியூட்டமால், ஒரு பஃப்புக்கு 50 மைக்ரோகிராம். படபடப்பு குறைவு என்று சொல்லி எழுதித் தருவார்கள், விலை கூடுதல். எனக்கு ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பழையதே சரியாக இருந்தால் மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

பக்க விளைவு? இருக்கிறது. கை விரல் லேசாக நடுங்கும், நெஞ்சு படபடக்கும், சிலருக்குத் தலைவலி. பெரும்பாலும் அரை மணி ஒரு மணியில் அடங்கும். அதிக அளவில் எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பிரஷருக்கோ தலைவலிக்கோ பதற்றத்துக்கோ ப்ரொப்ரனோலால் மாதிரி மாத்திரை யாராவது எழுதினால் உடனே "எனக்கு வீசிங் இருக்கு" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள், அது இந்த மருந்துக்கு நேரெதிர் வேலை செய்து குழாயை இறுக்கும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். பம்ப் இவ்வளவு நன்றாகக் கேட்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஆஸ்துமா என்பது தசை இறுகுவது மட்டும் இல்லை, குழாயின் உள்சுவர் எப்போதும் வீங்கிச் சிவந்து கிடக்கிறது, அந்த வீக்கம்தான் மூலம். ஆஸ்தாலின் அந்த வீக்கத்தைத் தொடுவதே இல்லை. கூரை ஒழுகும்போது கீழே வாளி வைக்கிற வேலையைத்தான் அது செய்கிறது, தரை நனையாது, ஓட்டை அப்படியே இருக்கும். வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு பம்ப், புடெசோனைடு மாதிரி, அடித்த உடனே எதுவும் தெரியாது, நாள் கணக்கில் தொடர்ந்து எடுத்தால்தான் பலன். உடனே தெரிகிற மருந்தை எல்லோரும் நம்புகிறோம், மெதுவாக வேலை செய்கிறதை "ஒண்ணும் தெரியல" என்று நிறுத்திவிடுகிறோம். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் பயம் வேறு. அதில் போவதும் மைக்ரோகிராம் கணக்குதான், அடித்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பினால் போதும்.

உலக அளவில் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டுகிற ஜினா அமைப்பு 2019-லேயே சொல்லிவிட்டது: பெரியவர்களுக்கும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் சால்பியூட்டமால் மாதிரி மருந்தை மட்டும் தனியாக வைத்து ஆஸ்துமாவுக்கு வைத்தியம் செய்வதை நாங்கள் இனிப் பரிந்துரைக்கவில்லை என்று. கணக்கும் தெளிவாக இருக்கிறது. 200 பஃப் டப்பா வருடத்துக்கு மூன்று அல்லது அதற்கு மேல் காலியானால் கடுமையான அட்டாக் வருகிற அபாயம் கூடுகிறது. பன்னிரண்டு டப்பா, அதாவது மாதம் ஒன்று என்றால் உயிருக்கே அபாயம் கூடுகிறது. மாதம் ஒன்று என்பது நமக்கு எவ்வளவு சாதாரணமாகத் தெரிகிறது பாருங்கள், மாதச் சாமான் லிஸ்டோடு ஆஸ்தாலினும் வாங்குகிற வீடுகளை எனக்குத் தெரியும். டப்பா வாங்குகிற தேதியை அட்டையிலேயே பேனாவால் எழுதி வையுங்கள். மூன்றாவது டப்பா வந்துவிட்டதா, நெஞ்சு நோய் டாக்டரிடம் போய், "எனக்கு இத்தனை காலியாகுது" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்திலேயே அவருக்கு நிறையப் புரிந்துவிடும்.

இப்போது புடெசோனைடும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்து ஒரே பம்பில் வருகிறது, ஃபோராகார்ட் மாதிரி. ஃபார்மோட்டெரால் சால்பியூட்டமால் அளவுக்கு வேகமாகவே கேட்கும், பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். மூச்சு முட்டும்போது அதையே அடித்தால் ஒவ்வொரு தடவையும் ஸ்டீராய்டும் சேர்ந்தே உள்ளே போகிறது. இதை அவசரத்துக்கும் பயன்படுத்துகிற முறையைத்தான் ஜினா இப்போது முதலில் வைக்கிறது. எனக்கும் டாக்டர் அப்படி மாற்றிக்கொடுத்த பிறகு ஆஸ்தாலின் செலவு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் இதை நீங்களாக மாற்றிக்கொள்ளாதீர்கள், எத்தனை பஃப் வரை போகலாம் என்பதை டாக்டர் எழுதித் தர வேண்டும்.

விற்கிற இடத்தைப் பற்றியும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. எங்கள் பக்கத்து மெடிக்கல் ஷாப் ஒன்றில் நின்றுகொண்டிருந்தபோது கட்டட வேலைக்குப் போகிறவர் ஒருவர், மேலெல்லாம் சிமெண்ட் தூசி, மூச்சு வாங்கிக்கொண்டே "வீசிங்குக்கு பம்ப் ஒண்ணு" என்று கேட்டார். சீட்டு கேட்கவில்லை, முன்னால் அடித்திருக்கிறீர்களா என்றும் கேட்கவில்லை, கவரில் போட்டு நீட்டி அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்கள். ஸ்பேசர் இருக்கிறதா என்று நான் கேட்டதற்கு "அதெல்லாம் யாரும் வாங்க மாட்டாங்க சார், ஆர்டர் போட்டாத்தான் வரும்" என்று பதில். யாரும் சொல்லாததால் யாரும் வாங்குவதில்லை, யாரும் வாங்காததால் கடையில் வைப்பதில்லை. எனக்கு இதில் வருகிற கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அந்தத் தொழிலாளி அன்றைக்குப் பம்புக்குக் கொடுத்தது அவருடைய கூலியில் ஒரு பங்கு, அதில் பெரும்பாதி அவர் தொண்டையில்தான் போய் ஒட்டியிருக்கும். ஸ்பேசர் வாங்கக் காசில்லாவிட்டால் சின்னத் தண்ணீர் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் சரியாகப் பொருந்துகிற அளவு ஓட்டை போட்டுக்கூடப் பயன்படுத்தலாம், ஸ்பேசர் கிடைக்காத இடங்களில் டாக்டர்களே சொல்லித் தருகிற வழி இது. மருந்துக்கடையில் இதைச் சொல்ல ரெண்டு நிமிடம் ஆகாது.

நெபுலைசர் மோகம் இன்னொன்று. "நெபு வச்சாத்தான் கேக்கும்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளினிக் வாசலில் காத்திருக்கிறார்கள். நெபுலைசரில் போவதும் இதே சால்பியூட்டமால்தான், ஒரு தடவைக்கு வழக்கமாக 2.5 முதல் 5 மில்லிகிராம். சாதாரண, நடுத்தர அட்டாக்கில் ஸ்பேசர் வழியாகச் சில பஃப் ஒவ்வொன்றாக அடித்தாலே அதே பலன் கிடைக்கிறது, அதுவும் வீட்டிலேயே, கரண்ட் இல்லாத நேரத்திலும். 2024 அக்டோபரில் சால்பியூட்டமால் மாத்திரைக்கும் நெபுலைசர் திரவத்துக்கும் அரசு உச்ச விலையை 50 சதவீதம் ஏற்றியது வேறு. வெந்நீர் ஆவி பிடிப்பது வீசிங்குக்குக் கேட்காது, குழந்தைகள் மேல் வெந்நீர் கொட்டிப் புண்ணாகிற சம்பவங்கள்தான் மிச்சம்.

எப்போது பம்பை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, குழந்தையின் விலா எலும்புக்கு நடுவே தோல் உள்வாங்குகிறது, அடித்த பஃப் மூன்று நாலு மணி நேரம்கூடத் தாங்காமல் மறுபடி இழுக்கிறது, அல்லது விசில் சத்தம் திடீரென்று நின்றுபோய் ஆள் மட்டும் துவள்கிறார் என்றால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சத்தம் நின்றுவிட்டது, சரியாகிவிட்டது என்று நினைப்பது பெரிய ஆபத்து, காற்றே போகவில்லை என்பதால்தான் சத்தம் வரவில்லை. வண்டி வரும்வரை உட்கார வைத்து, ஸ்பேசரில் ஒரு பஃப், நாலைந்து மூச்சு, அடுத்த பஃப் என்று கொடுத்துக்கொண்டிருக்கலாம். பெரியவர்களுக்கு நாலிலிருந்து பத்து பஃப் வரை, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, முதல் ஒரு மணி நேரத்துக்கு இப்படிப் போகலாம். குழந்தைகளுக்கான அளவை முன்கூட்டியே டாக்டரிடம் எழுதி வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

வாங்கும்போது எண்ணிக்கை காட்டுகிற கவுண்டர் உள்ள பம்பாகக் கேட்டு வாங்குங்கள். கவுண்டர் இல்லாத டப்பா 200 தாண்டியும் புஸ் என்று அடிக்கும், அதில் வருவது வெறும் உந்துவாயு, மருந்து இருக்காது. தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கிற பழைய வித்தையை நம்ப வேண்டாம். காலாவதித் தேதியைப் பாருங்கள். சித்திரை வெயிலில் கார் டேஷ்போர்டில் விட்டு வைக்காதீர்கள், அழுத்தத்தில் அடைத்த டப்பா அது. விமானத்தில் கைப்பையில் எடுத்துப் போகலாம், லக்கேஜில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். பள்ளிக்கூடப் பையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று ரெண்டு வைத்துக்கொள்வது நல்லது, வகுப்பு டீச்சருக்கும் பி.டி. சாருக்கும் அடிக்கிற முறையைக் காட்டிவிடுங்கள். தீபாவளிக்கும் போகிக்கும் ஒரு வாரம் முன்னாலேயே கவுண்டரைப் பார்த்து, இருபதுக்குக் கீழே இருந்தால் புதுசு வாங்கி வைத்துவிடுங்கள், அந்த ரெண்டு ராத்திரியும் புகை அதிகம், பாதிக் கடை பூட்டியிருக்கும்.